ஊர் சொல்லாத முத்திரை: யு.எஸ்.எஸ். வெஸ்ட் பாயிண்ட் துருப்புக் கப்பலும் அதன் தபால் உறைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தபால்தலை சேர்ப்பவர்கள் எக்கச்சக்கம். கப்பல் கவர், அதாவது கப்பலின் தபால் நிலையத்தில் முத்திரை குத்திய உறை, சேர்ப்பவர்கள் நம் பக்கம் கொஞ்சம் பேர்தான். அதிலும் இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் கடற்படைக் கவர்கள் என்றால், "முத்திரையில் ஒன்றுமே இல்லையே, இதை எதற்கு வாங்கினாய்?" என்றுதான் வீட்டிலும் வெளியிலும் கேட்கிறார்கள். அந்த ஒன்றுமில்லாத முத்திரைக்காகத்தான் இந்தப் பக்கம். எல்லாக் கப்பல்களையும் பேச ஆரம்பித்தால் முடியாது என்பதால் ஒரே ஒரு கப்பலைப் பிடித்துக்கொள்கிறேன். பம்பாய்க்கும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன கப்பல் அது.

வெஸ்ட் பாயிண்ட் என்பது எந்தக் கப்பல்?

பிறந்தபோது அதன் பெயர் அமெரிக்கா. வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் கட்டுமானத் தளத்தில் உருவான பயணிகள் சொகுசுக் கப்பல். வடிவமைத்தவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ். நீளம் 723 அடி. 1939 ஆகஸ்ட் 31 அன்று எலினோர் ரூஸ்வெல்ட் கையால் தண்ணீரில் இறங்கியது. மறுநாள் காலை ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. இப்படி ஒரு நாள் பார்த்து எந்தக் கப்பலும் இறங்கியிருக்காது.

ஐரோப்பாவுக்கு ஓடக் கட்டிய கப்பல் ஐரோப்பாவுக்குப் போக முடியவில்லை. 1940 ஆகஸ்டில் முதல் பயணமே மேற்கிந்தியத் தீவுகளுக்கு. நடுநிலை நாட்டுக் கப்பல் என்று நீர்மூழ்கிகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் பெரிய அமெரிக்கக் கொடியும் கப்பலின் பெயரும் தீட்டியிருந்தார்கள்.

1941 ஜூன் 1 அன்று கடற்படை எடுத்துக்கொண்டது. ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, யு.எஸ்.எஸ். வெஸ்ட் பாயிண்ட், ஏ.பி. 23 என்ற பெயரில் பணியில் சேர்ந்தது. ஏ.பி. என்பது படையினரை ஏற்றிச் செல்லும் கப்பலுக்குக் கடற்படை வைத்திருந்த குறியீடு. வெஸ்ட் பாயிண்ட் என்பதோ தரைப்படை அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி இருக்கும் ஊர். கடற்படைக் கப்பலுக்குத் தரைப்படைக் கல்லூரியின் பெயர்! ஏற்றிச் சென்றது பெரும்பாலும் தரைப்படைக்காரர்களை என்பதால் பொருத்தம்தான்.

சொகுசுக் கப்பல் எப்படித் துருப்புக் கப்பல் ஆனது?

சாம்பல் பெயிண்ட், மூடிய ஜன்னல்கள், விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள், கூடுதல் உயிர்காப்புப் படகுகள். உள்ளே தட்டுத் தட்டாகக் கித்தான் படுக்கைகள். 1,202 பயணிகளுக்காகக் கட்டிய கப்பல் 8,000 பேருக்கு மேல் தாங்கியது. 1944இல் ஒரே பயணத்தில் 9,305 பேர் போயிருக்கிறார்கள். திருவிழாக் காலத்து நெல்லை எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மூன்று வாரம்.

இதில் உளவாளிகள் இருந்தார்களாமே?

இருந்தார்கள், ஆனால் பயணிகள் கப்பலாக ஓடிய காலத்தில். கடற்படை எடுத்துக்கொள்ளும் வரை கப்பலின் தலைமை ரொட்டிக்காரராக இருந்தவர் ஃபிரான்ஸ் ஸ்டிக்லர், தலைமை இறைச்சிக்காரர் எர்வின் சீக்லர். இருவரும் ஜெர்மனிக்காக உளவு பார்த்த டியூகேன் வலையைச் சேர்ந்தவர்கள் என்று 1941 ஜூனில் எஃப்.பி.ஐ. பிடித்தது. அந்த வழக்கில் மொத்தம் 33 பேருக்குத் தண்டனை. ஸ்டிக்லருக்கு 16 ஆண்டு, சீக்லருக்கு 10 ஆண்டு. சமையற்கட்டிலேயே காது இருக்கிறது என்றால் கடிதத்தைப் பற்றி அரசாங்கம் ஏன் அத்தனை பயந்தது என்று புரியும்.

போரில் அது எங்கெல்லாம் போனது?

எல்லாத் துறைமுகங்களையும் வரிசையாகச் சொன்னால் ரயில்வே கால அட்டவணை ஆகிவிடும். நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை தூதரக வேலை. 1941 ஜூலையில் அமெரிக்கா மூடிய ஜெர்மன், இத்தாலியத் தூதரக அலுவலகங்களின் ஆட்கள் 464 பேரை நியூயார்க்கில் ஏற்றி லிஸ்பனில் இறக்கியது. திரும்பும்போது அமெரிக்கர்களையும் சீனத் தூதரகக் குடும்பங்களையும் ஏற்றி வந்தது.

இரண்டாவது வேலைதான் சுவாரசியம். 1941 நவம்பர் 10, கனடாவின் ஹாலிஃபாக்ஸ். பிரிட்டனின் 18ஆவது டிவிஷன் அங்கே வந்து இறங்கியிருந்தது. நார்ஃபோக், சஃபோக், கேம்பிரிட்ஜ் பக்கத்துப் பையன்கள். வெஸ்ட் பாயிண்ட், வேக்ஃபீல்டு, மவுண்ட் வெர்னான் உட்பட ஆறு அமெரிக்கக் கப்பல்கள் அவர்கள் 20,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பின. இந்தக் கான்வாயின், அதாவது சேர்ந்து போகும் கப்பல் அணியின், பெயர் டபிள்யு.எஸ். 12 எக்ஸ். அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். நடுநிலை நாட்டின் கடற்படை, சண்டையிடும் நாட்டின் படையைச் சுமந்து போகிறது. வெளியே மூச்சு விட முடியுமா?

கேப் டவுனை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய செய்தி வந்தது. டிசம்பர் 9 அன்று கேப் டவுன். அதுவரை மத்தியக் கிழக்குக்கு என்று நினைத்திருந்த படை கிழக்கே திருப்பப்பட்டது. மவுண்ட் வெர்னான் ஒரு பிரிகேடுடன் தனியாகப் பிரிந்து, ஜனவரி 13 அன்று சிங்கப்பூர் சேர்ந்தது. வெஸ்ட் பாயிண்ட் டிசம்பர் 27 அன்று பம்பாய் வந்தது. ஜனவரியில் அங்கிருந்து வேக்ஃபீல்டு, டச்சஸ் ஆஃப் பெட்ஃபோர்டு, எம்ப்ரஸ் ஆஃப் ஜப்பான், எம்பயர் ஸ்டார் ஆகியவற்றோடு கிளம்பி சுந்தா நீரிணை வழியாக ஜனவரி 29 அன்று சிங்கப்பூரின் கெப்பல் துறைமுகத்தில் நின்றது. எம்ப்ரஸ் ஆஃப் ஜப்பான் என்ற பெயருள்ள கப்பல் ஜப்பானோடு சண்டைக்கு ஆள் ஏற்றி வந்ததை யாராவது கற்பனையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

மறுநாள் குண்டு விழுந்தது. வேக்ஃபீல்டின் நோயாளிகள் பகுதியில் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். வெஸ்ட் பாயிண்ட் தப்பியது. அன்று மாலையே பெண்கள், குழந்தைகள், கப்பல்துறை ஆட்கள் என்று 1,276 பேரை ஏற்றிக்கொண்டு வெளியேறி, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) தொட்டு, பிப்ரவரி 6 அன்று கொழும்பு, பிறகு பம்பாய். சிங்கப்பூர் பிப்ரவரி 15 அன்று விழுந்தது. இரண்டு வாரத்துக்கு முன் இறங்கியவர்கள் அப்படியே கைதிகள் ஆனார்கள். அவர்களில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள். அதே பாதைக்குத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் சனங்களையும் ஆயிரக்கணக்கில் ஏற்றி அனுப்பினார்கள். நார்ஃபோக்குக்காரனும் நம் ஆளும் ஒரே தண்டவாளத்துக்குக் கல் சுமந்தார்கள்.

பிறகு சூயஸிலிருந்து ஆஸ்திரேலியப் படையினரை ஊர் சேர்த்தது. பசிபிக், அட்லாண்டிக் இரண்டிலும் ஓடியது. வேகமான கப்பல் என்பதால் பெரும்பாலும் துணைக் கப்பல் இல்லாமல் தனியாகவே. நீர்மூழ்கி குறிபார்ப்பதற்குள் தாண்டிவிடலாம் என்பது கணக்கு. 1946 பிப்ரவரி 28 அன்று ஓய்வு பெறும்போது மொத்தம் 3,50,000 பேருக்கு மேல் சுமந்திருந்தது.

கப்பலுக்குள் தபால் நிலையம் இருந்ததா?

இருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 1908 மே 27 அன்று இயற்றிய சட்டம்தான் அடிப்படை. அதன்படி போர்க்கப்பல்களில் தபால் நிலையம் திறக்கலாம், மாலுமி ஒருவரே அதன் குமாஸ்தா. அந்த ஆண்டு ஆகஸ்டில் யு.எஸ்.எஸ். பிரெய்ரியில் முதல் முத்திரை விழுந்தது. அதற்கப்புறம் பெரிய கப்பல் என்றால் தபால் நிலையம் உண்டு என்று ஆனது.

நம் ஊர் கிளை அஞ்சலகத்தை நினைத்தால் போதும்: ஒரு சின்ன அறை, ஜன்னல், தராசு, தபால்தலைத் தாள்கள், மணி ஆர்டர், முத்திரை, மைத் திண்டு. ஒரே வித்தியாசம், இந்த அஞ்சலகம் நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது.

போருக்கு முன் கடற்படை முத்திரை எப்படி இருந்தது?

கண்ணுக்கு அழகாக இருந்தது. இடது பக்கம் வட்டம். வட்டத்தின் மேல் விளிம்பில் கப்பலின் பெயர், நடுவில் தேதி. வலது பக்கம் தபால்தலையை அடிக்கும் கோடுகள். சேகரிப்பாளர்கள் கில்லர் கோடுகள் என்பார்கள். பல முத்திரைகளில் அந்தக் கோடுகளின் இடைவெளியில் ரப்பர் எழுத்து கோத்து, கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயரையோ ஒரு விசேஷ நாளின் பெயரையோ அச்சடிக்கலாம். 1930களில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. பணத்தையும் உறையையும் கப்பலுக்கு அனுப்பி "முத்திரை குத்தித் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். குமாஸ்தாக்களும் சளைக்காமல் குத்தி அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தின் சங்கம் 1932இல் தொடங்கியது. முத்திரை வகைகளை எண் கொடுத்துப் பிரித்தவர் டாக்டர் ஃபிரான்சிஸ் லோசி. ஏலப் பட்டியல்களில் இன்றும் லோசி வகை என்று போட்டிருப்பது அவர் பெயரால்தான்.

போர் வந்ததும் என்ன மாறியது?

பெயரை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், ஆனால் அது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

ஒரு முத்திரையில் கப்பல் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் எதிரிக்கு வேறென்ன வேண்டும்? நூறு உறைகளைத் தேதிவாரியாக அடுக்கினால் கப்பலின் பாதை வந்துவிடும். அதனால் வட்டத்தில் வெறும் 'யு.எஸ். நேவி' மட்டும். கோடுகளுக்கு நடுவில் வெற்றிடம். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று முத்திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஒரே முகத்தைப் போட்டுக்கொண்டன. போர் முடிந்த பிறகுதான் பெயர்கள் மெல்லத் திரும்பின.

ஆகவே வெஸ்ட் பாயிண்ட் என்று பெயர் தெளிவாக விழுந்த முத்திரை வேண்டும் என்றால் இரண்டே காலம்: 1941 ஜூன் பணியேற்புக்குப் பின் கொஞ்ச மாதம், போர் முடிந்ததிலிருந்து 1946 பிப்ரவரி வரை கொஞ்ச மாதம். நடுவில் உள்ள நீண்ட காலம் ஊமை.

அப்படியானால் ஊமை முத்திரையை எப்படி இந்தக் கப்பலின் முத்திரை என்று சொல்வது?

முத்திரையைப் பார்க்காதீர்கள். உறையின் இடது மேல் மூலையைப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், முத்திரையில் தடை செய்த பெயரை அனுப்புநர் முகவரியில் எழுதலாம். எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பதில் வராது. மாலுமியின் பெயர், பதவி, கப்பலின் பெயர், கீழே 'ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ் (கடற்படைத் தபாலைப் பிரித்து அனுப்பும் நிலையம்), சான் பிரான்சிஸ்கோ' அல்லது 'நியூயார்க்'. கப்பல் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் முகவரி பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றுதான். ஆள் யார் என்பது தெரியலாம், எங்கே என்பது தெரியக்கூடாது; விதியின் சாரம் இவ்வளவுதான். போரின் ஆரம்ப மாதங்களில் ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ் என்பதற்குப் பதிலாக 'போஸ்ட்மாஸ்டர், நியூயார்க்' என்று பார்க்கலாம்.

என்னிடம் இருக்கும் ஒரு கவரைச் சொல்கிறேன். பழுத்த வாழைச் சருகின் நிறம். ஓரம் கத்தரியால் அல்ல, அவசரத்தில் விரலால் கிழித்தது. இடது மூலையில் நீல மசியில் அனுப்பியவர் பெயரும் கப்பல் பெயரும். வெஸ்ட் என்ற சொல்லின் கடைசியில் பேனா கொஞ்சம் கசிந்திருக்கிறது. வலது மூலையில் தபால்தலை இல்லை. அந்த இடத்தில் கையெழுத்தில் 'ஃப்ரீ'. பக்கத்தில் 'யு.எஸ். நேவி' வட்டம், 1943 நவம்பர் தேதி, வெறுங்கோடுகள். கீழே இடது பக்கம் ஊதா மையில் வட்டமாகத் தணிக்கை முத்திரை, அதற்குள் பென்சிலில் யாரோ ஒரு அதிகாரியின் இரண்டெழுத்துச் சுருக்கம். போக வேண்டிய இடம் ப்ரூக்ளின். உள்ளே கடிதம் இல்லை. கடிதம் இருந்தாலும் 'நலம், சாப்பாடு பரவாயில்லை, வானிலை பற்றி எழுதக்கூடாது' என்பதைத் தாண்டி இருந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

'ஃப்ரீ' என்றால்? தபால்தலை ஒட்டிய கவர்களும் வருகின்றனவே?

1942 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கப் படையினரின் சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது. தலை ஒட்டும் இடத்தில் 'ஃப்ரீ' என்று தன் கையால் எழுத வேண்டும், மூலையில் பெயர், பதவி, பிரிவு இருக்க வேண்டும்.

விமானத்தில் போக வேண்டும் என்றால் காசு. படையினருக்கு அரை அவுன்சுக்கு 6 சென்ட் என்ற சலுகை 1941 டிசம்பர் 25 அன்று வந்தது. அதனால்தான் இரட்டை எஞ்சின் விமானம் போட்ட சிவப்பு 6 சென்ட் தலை இந்தக் கவர்களில் கொட்டிக் கிடக்கிறது. 1944 மார்ச்சில் பொதுமக்களுக்கான உள்நாட்டு விமானத் தபால் 8 சென்ட் ஆனது. படையினருக்கு 6 சென்டே நீடித்தது. அந்தத் தேதிக்குப் பின் 6 சென்ட் ஒட்டிய கவர் என்றால் அனுப்பியவர் சீருடைக்காரர் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

1942 ஏப்ரலுக்கு முன் தேதியிட்ட கவரில் தலை இல்லாமல் 'ஃப்ரீ' மட்டும் இருந்தால் கையை எடுங்கள்.

தணிக்கை செய்தது யார்?

கப்பலின் அதிகாரிகளே. மாலுமி உறையை ஒட்டாமல் கொடுப்பான். அதிகாரி படித்து, தேவையென்றால் பிளேடால் வெட்டி, ஒட்டி, 'பாஸ்டு பை நேவல் சென்சார்' குத்திக் கையெழுத்துப் போடுவார். சண்டை வேலை குறைந்த டாக்டர், பல் டாக்டர், பாதிரியார் தலையில்தான் பெரும்பாலும் இந்த வேலை விழும். தன் மனைவிக்கு எழுதியதைத் தன்னோடு ஒரே கப்பலில் இருக்கும் பாதிரியார் படித்திருக்கிறார் என்று தெரிந்தே எழுத வேண்டிய நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒருவகையில் நம் கிராமத்தில் கடிதம் படித்துச் சொல்லும் தபால்காரர் எல்லார் வீட்டுச் சங்கதியையும் அறிந்திருந்த மாதிரிதான். அவர் கையில் பிளேடு மட்டும் கிடையாது.

வெட்டப்பட்டது என்னவாக இருக்கும்? துறைமுகப் பெயர், உடன் வந்த கப்பல், சேதம், அடுத்த பயணம். வானிலையும்தான், "இங்கே நல்ல குளிர்" என்பதும் ஒரு முகவரி.

கப்பலில் போன சிப்பாய்களின் கடிதங்களில் வெஸ்ட் பாயிண்ட் பெயர் இருக்குமா?

இருக்காது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கப்பலில் இரண்டு வகை மனிதர்கள்: கப்பலை ஓட்டும் கடற்படைக்காரர்கள், சுமையாகப் போகும் தரைப்படைக்காரர்கள். முதல் வகையினர்தான் கப்பலின் பெயரை முகவரியாக எழுதினார்கள். சிப்பாயின் முகவரி அவன் பிரிவும் ஏ.பி.ஓ. (தரைப்படைத் தபால் நிலைய) எண்ணும், தணிக்கை முத்திரையும் தரைப்படையுடையது. கடலில் எழுதிய கடிதம் கரை சேரும் வரை மூட்டையில் காத்திருக்கும். கடிதத்தின் தலையில் 'கடலில் எங்கோ' என்று எழுதியிருந்தால் அதுதான் அதிகபட்சத் தகவல்.

முதல் உலகப் போரில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். 'நான் ஏறிய கப்பல் பத்திரமாக வெளிநாடு சேர்ந்தது' என்று அச்சடித்த அட்டையில் கப்பல் கிளம்பும் முன்பே சிப்பாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவான். கப்பல் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் அட்டைகள் தபாலில் போகும். சேராவிட்டால் அட்டை போகாது.

முத்திரைத் தேதியை வைத்துக் கப்பல் அன்று எங்கே இருந்தது என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். கப்பலின் பயணத் தேதிகள் இன்று எல்லாருக்கும் தெரியும். மேலே நானே சில கொடுத்திருக்கிறேன். கப்பலின் தபால் நிலையத்திலேயே குத்திய முத்திரை, தேதி 1942 பிப்ரவரி முதல் வாரம் என்றால், சிங்கப்பூரிலிருந்து தப்பிய 1,276 பேரும் அந்த நாளில் அந்தக் கப்பலில் இருந்தார்கள் என்று அர்த்தம். உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும்.

ஆனால் குமாஸ்தா கடிதத்தை வாங்கிய அன்றே குத்தினாரா, தணிக்கையில் நாலு நாள் கிடந்ததா, மூட்டை எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்பதெல்லாம் முத்திரை சொல்லாது. "பம்பாயில் போட்ட கடிதம்" என்று விற்பனையாளர் எழுதியிருந்தால், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பம்பாய் என்று உறையில் எழுதியிருக்க விட்டிருக்க மாட்டார்கள்.

வி-மெயில் என்பதும் இதில் சேருமா?

சேரும், ஆனால் முத்திரைப் பிரியர்களுக்கு அதில் அதிகம் கிடைக்காது. 1942 ஜூனில் வந்த ஏற்பாடு. ஒரு தாளில் எழுதிய கடிதத்தைப் படச்சுருளில் சின்னதாகப் படம் எடுத்து, சுருளை விமானத்தில் அனுப்பி, அக்கரையில் உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டுக் கொடுப்பார்கள். 37 மூட்டைக் கடிதம் ஒரே மூட்டையில் அடங்கும் என்பது அன்றைய கணக்கு. இடம் மிச்சம், நமக்குக் கப்பல் முத்திரை நஷ்டம்.

போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் போலியே அல்லாத ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒருவர் 'வெஸ்ட் பாயிண்ட் முத்திரை, 1943, போர்க்காலம்' என்று போட்டிருந்தார். படம் மங்கல். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏலத்தில் ஜெயித்துவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கினேன். ஆறு வாரம் கழித்துக் கவர் வந்தது. முத்திரையில் தெளிவாக 'வெஸ்ட் பாயிண்ட், என்.ஒய்.', அதாவது நியூயார்க் மாநிலத்து ராணுவக் கல்லூரி ஊரின் சாதாரணத் தபால் நிலையம். விற்றவர் பொய் சொல்லவில்லை. 1943இல் கப்பல் முத்திரையில் கப்பல் பெயரே இருக்காது என்று தெரிந்த நான்தான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பெயரில் வர்ஜீனியாவிலும் மிசிசிப்பியிலும் ஜார்ஜியாவிலும்கூட ஊர்கள் உண்டு. ஜாக்கிரதை.

இனி நிஜப் போலிகள். முகவரி பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள், அமெரிக்கக் கடைகளில் அந்தப் பேனா விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில். பெரிய நகரங்களின் பெயருக்குப் பின்னால் 'ப்ரூக்ளின் 17' என்பது போல மண்டல எண் எழுதும் வழக்கம் 1943 மேயில் தொடங்கியது. அதற்கு முந்தைய தேதிக் கவரில் அந்த எண் இருந்தால் இடிக்கிறது. ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள், அது 1963. வண்ணப் படம் அச்சிட்ட 'பணியேற்பு நாள்' கவர்களில் சில நேரம் முத்திரை அசலாகவும் படம் பிற்காலத்துச் சேர்க்கையாகவும் இருக்கும். முத்திரை மையின் ஒரு கோடாவது படத்தின் மேல் ஏறியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து மலாயாக் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த மாதிரி முத்திரை இருக்குமா?

அமெரிக்கக் கடற்படை முத்திரை இருக்காது. ஆனால் அதைவிட அருமையானது இருக்கலாம். 1939 முதல் 1942 ஆரம்பம் வரை மலாயாவிலிருந்து வந்த உறைகளில் பிரிட்டிஷ் தணிக்கை முத்திரை, தணிக்கை ஒட்டுச்சீட்டு இரண்டும் சகஜம். 1942 பிப்ரவரிக்குப் பின் அங்கிருந்து வழக்கமான தபால் நின்றுபோனது. ஜப்பானிய ஆட்சியில் மலாயாத் தலைகளின் மேல் 'தாய் நிப்பொன் 2602 மலாயா' என்று அச்சடித்தார்கள். 2602 என்பது ஜப்பானியக் கணக்கில் 1942. அப்படி ஒன்று கிடைத்தால் தயவுசெய்து எதையும் செய்யாதீர்கள், அப்படியே வையுங்கள்.

ஏன் இவ்வளவு கெஞ்சுகிறேன் என்றால், பத்து வயதில் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து பினாங்கு உறைகள் ஏழெட்டை எடுத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தலைகளை மட்டும் உரித்து, உறைகளை அடுப்பில் போட்டவன் நான். தலைகள் அத்தனையும் சாதாரணமானவை. எரிந்த உறைகளில் என்ன முத்திரை இருந்தது என்று இன்றைக்கும் கண்ணை மூடி நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஊதா நிறத்தில் முக்கோணமாக ஏதோ ஒன்று தெரிகிறது, அவ்வளவுதான்.

எப்படிப் பாதுகாப்பது?

பாலியஸ்டர் உறை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். செலோடேப் கூடவே கூடாது. சென்னைப் புழுக்கத்தில் இரும்பு பீரோவின் அடித்தட்டு பூஞ்சைக்குத் தோதான இடம். மேல் தட்டில், சிலிக்கா ஜெல்லோடு, மாதம் ஒருமுறை காற்றாட விடுங்கள். பாச்சை உருண்டை வாசம் உறையில் ஏறினால் இறங்காது.

கப்பல் கடைசியில் என்ன ஆனது?

மறுபடி அமெரிக்கா என்ற பெயரோடு 1946 நவம்பரில் அட்லாண்டிக் ஓட்டத்துக்கு வந்தது. 1964இல் கிரேக்க நிறுவனமான சாண்ட்ரிஸ் வாங்கி ஆஸ்ட்ராலிஸ் என்று பெயர் வைத்தது. குடியேறிகளை ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு ஓடியது. அப்புறம் கைமாறிக் கைமாறி இட்டாலிஸ், நோகா, அல்ஃபெர்டாஸ். கடைசிப் பெயர் அமெரிக்கன் ஸ்டார். தாய்லாந்தின் புக்கெட்டில் மிதக்கும் ஓட்டலாக்க வேண்டும் என்று கிரீஸிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புயலில் கயிறு அறுந்து, 1994 ஜனவரி 18 அன்று கேனரித் தீவுகளின் ஃபுவேர்த்தவெந்துரா கரையில் தரை தட்டியது. இரண்டு நாளில் இரண்டாக உடைந்தது. முன்பாதி மட்டும் பல ஆண்டுகள் கம்பீரமாக நின்றது; பிறகு அதையும் அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது நீர் வற்றும் நேரத்தில் சில இரும்புத் துண்டுகள் தலை காட்டுகின்றன.

புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் எதை வாங்கலாம்?

பெயர் முத்திரைக்கு ஓடாதீர்கள், விலை ஏறிக் கிடக்கும். மூலையில் கப்பல் பெயர் தெளிவாக இருக்கும் ஒரு 'ஃப்ரீ' கவர் வாங்குங்கள். தணிக்கை முத்திரையும் கையெழுத்துச் சுருக்கமும் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரம் கிழிந்திருந்தால் பரவாயில்லை. கடிதமும் உள்ளே இருக்கிறது என்றால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.